ஆளுக்கு ஒரு மூட்டை

உங்கள் வீட்டில் எல்லோருமாகக் கடைசியாக வெளியூர் கிளம்பினீர்களே, அந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மொத்தம் எத்தனை உருப்படி? பெரிய பெட்டி இரண்டு, சின்னப் பெட்டி ஒன்று, புளிசாதமும் தயிர் சாதமும் அடைத்த கூடை ஒன்று, தண்ணீர் ஜாடி ஒன்று, "எதற்கும் இருக்கட்டும்" என்று கடைசி நிமிஷத்தில் சேர்ந்த பைகள் நாலைந்து. வாசலில் வண்டி வந்து நின்ற பிறகும் ஒருத்தி மட்டும் உள்ளே ஓடி ஓடி வருவாள். காஸை மூடினோமா, பால்காரனுக்குச் சொன்னோமா, கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டோமா என்று பார்ப்பாள். அவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை இப்போது படித்துக்கொண்டிருப்பவள் அவள்தான்!

போய் இறங்கிய இடத்திலாவது அவளுக்கு ஓய்வு உண்டா? துண்டு எங்கே, சீப்பு எங்கே, தலைவலி மாத்திரை எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சமையலறையை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம் என்று பெயர். உண்மையில் அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் போகிறோம்.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது வேறு மாதிரியான ஒரு பிரயாணம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் சுற்றும் வெளிநாட்டு ஜோடிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'பேக்பாக்கர்' என்று அவர்களுக்குப் பெயர். உடை, போர்வை, சோப்பு எல்லாம் அந்தப் பைக்குள்ளேயே அடக்கம். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து போகிறவர்கள் தோளில் ஒரு துணிப்பையோடுதான் போகிறார்கள். புருஷனும் மனைவியுமாக, வேண்டுதல் ஒன்றும் இல்லாமல், கல்யாணம் கருமாதி என்ற சாக்கும் இல்லாமல், ஊர் பார்ப்பதற்கென்றே கிளம்புவதுதான் நமக்குப் புதிது.

நானும் என் கணவரும் மாசி மாதத்தில் அப்படி ஆறு நாள் சுற்றிவிட்டு வந்தோம்.

ஒரே ஒரு சட்டம்

புறப்பட்ட இடம் தா.பழூர். அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்தில் உள்ள ஊர். அங்கே என் கணவருடைய பெரியப்பா வீட்டில் ஒரு காதுகுத்து. விருந்து முடிந்ததும் உறவினர்கள் வேனில் ஏறிச் சென்னைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் இருவரையும் என் மாமியார் தம்மோடு அழைத்துக்கொண்டு போனார். நாங்கள் ஆளுக்கு ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான்: அவரவர் பை அவரவர் பொறுப்பு. அவருடைய சட்டையை அவர் துவைக்க வேண்டியது, அவருடைய துண்டை அவர் தேட வேண்டியது. என் பையை அவர் தூக்கக்கூடாது. "பாவம், நீ களைத்துவிட்டாய்" என்று இரங்கவும் கூடாது. பை ஒவ்வொன்றும் 6 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று தராசில் நிறுத்துப் பார்த்தே எடுத்துக்கொண்டோம். மாற்றுடை இரண்டு, மெல்லிய போர்வை ஒன்று, துண்டு, டார்ச், பேனாக்கத்தி, தண்ணீர் பாட்டில், மருந்துப் பொட்டலம், மாதவிலக்குக்கு வேண்டியது, செல்போனும் அதற்கு மின்சாரம் ஏற்றும் சாமானும், ஆதார் அட்டை. இவ்வளவுதான். சேலை ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை; ஆறு நாளும் சுடிதார்தான்.

கடைத்தெருவில் டீ குடிக்க நின்றோம். கடைக்காரப் பாட்டி எங்கள் முதுகைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கா கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"கடல் பார்க்கப் போறோம், பாட்டி" என்றேன்.

"இங்க ஏதும்மா கடலு?"

பாட்டி கேட்டது நியாயம். இன்றைய கடல் தா.பழூருக்குக் கிழக்கே 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நாங்களோ முதலில் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினோம்!

முறுக்கு நத்தையும் நம் வீட்டுச் சுவரும்

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அரியலூர், பெரம்பலூர்ச் சீமையின் பெரும்பகுதி கடலுக்குள் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டன. 1840-களிலேயே வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்கள் இங்கே வந்து அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துச் சீமைக்கு அனுப்பினார்கள். அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கைமுறுக்குச் சுற்றினாற்போலச் சுற்றிச் சுற்றி இருக்கும் 'அம்மோனைட்' என்ற பிராணியின் ஓட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், எந்தப் பாட்டி சுற்றினாளோ என்று தோன்றும். அத்தனை நேர்த்தி!

அந்தக் கடலின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும்தான் இன்று சுண்ணாம்புக்கல்லாக வெட்டி எடுக்கப்பட்டு, அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்குப் போகின்றன. உங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரிலும் கொஞ்சம் பழைய கடல் இருக்கலாம்.

கையில் இன்னும் ஒரு நாள் இருக்கிறவர்கள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரையும் பார்க்கலாம். 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று முழுசாகக் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதி வெளியுலகுக்குத் தெரிவித்தார். எந்த இடத்திலும் கல்லைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். அது அந்த மண்ணின் சொத்து. தவிரவும், உங்கள் பை 6 கிலோவுக்குள் இருக்க வேண்டும்!

வந்தியத்தேவன் வந்த வழி

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். 1025-ல் கடல் கடந்து கடாரத்துக்குக் கப்பற்படையை அனுப்பிய ராஜேந்திரன், தன் தலைநகரைக் கடலோரத்தில் கட்டவில்லை. இங்கே, உள்நாட்டில் கட்டினான். தஞ்சைக் கோயில் கம்பீரமான ஆண் என்றால் இது நளினமான பெண் என்று ரசிகர்கள் சொல்வார்கள். விமானம் உச்சியை நோக்கி வளைந்து போகும் அழகைப் பார்த்தால் அது சரிதான் என்று நீங்களும் சொல்வீர்கள். வடக்கு வாசல் பக்கத்தில், சிவபெருமான் சண்டிகேசுவரருக்குத் தம் கையாலேயே தலையில் பூமாலை சுற்றும் சிற்பத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். 2004-ல் இந்தக் கோயிலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது.

இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் அணைக்கரை. 1836-ல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். கோயில் பாதி, அணை பாதி என்று ஆகிவிட்டது. அணையில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு வருத்தப்படுவது என்று புரியவில்லை. அந்தத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்திலிருந்து குழாய் வழியே 2004 முதல் சென்னைக்கு வருகிறது. நம் வீட்டுக் குடத்தில் நிறைவது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று பார்க்க ஒரு தடவையாவது அங்கே போக வேண்டாமா?

பார்க்கத்தான் சொன்னேன், இறங்கச் சொல்லவில்லை. அணைக்கரைப் பக்கத்தில் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு; முழங்கால் ஆழம் என்று காலை வைத்தால் ஆளையே விழுங்கிவிடும். ஆற்றங்கரைக்காரர்கள் "இங்கே வேண்டாம்" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பஸ் வீராணம் ஏரிக் கரையோரமாகக் காட்டுமன்னார்கோயில் வழியே சிதம்பரத்துக்குப் போகிறது. ஆடிப்பெருக்கு நாளன்று குதிரைமேல் ஒரு வாலிபன் வந்தது இந்தக் கரையில்தான் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? 1950 முதல் 1954 வரை வாராவாரம் தமிழ்நாட்டுப் பெண்களைக் காக்கவைத்த 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் கிளம்பும் இடம் வீராணம். கடைசியில் அவன் போய்ச் சேரும் கடற்கரைகளுள் ஒன்று கோடிக்கரை. எங்கள் வழியும் ஏறக்குறைய அதுதான். அவனிடமும் மூட்டை முடிச்சு ஒன்றும் கிடையாது, கவனித்தீர்களா?

அலையை ஆற்றும் காடு

சிதம்பரத்தில் இரவு தங்கி, விடியற்காலையில் பிச்சாவரம் போனோம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் நீரிலேயே நிற்கும் காடு. சுற்றுலாத் துறையின் படகில் ஏறும்போது மிதவைச் சட்டை கொடுக்கிறார்கள். "எனக்கு நீந்தத் தெரியும்" என்று வீரம் பேசாமல் மாட்டிக்கொள்ளுங்கள். மோட்டார்ப் படகைவிடத் துடுப்புப் படகு உத்தமம். குறுகிய கால்வாய்களில் நுழையும்போது சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் பந்தல்கால் நட்டதுபோல் இறங்கி நிற்கும். தலையைக் குனிந்தால்தான் வழி. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தை இங்கே எடுத்தார்கள் என்று படகுக்காரர் பெருமையோடு சொன்னார்.

ஒரு மரத்தைக் காட்டி, "அதைத் தொடாதீங்கம்மா, தில்லை. பால் கண்ணுல பட்டா கண்ணு போயிரும்" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். அவ்வளவு புனிதமான பெயர், இவ்வளவு பொல்லாத மரம்!

இந்தக் காட்டுக்குத் தமிழில் அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுகிற காடு. பெயர் வைத்தவர் எவரோ, விஷயம் தெரிந்தவர். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, இந்தக் காட்டின் மறைவில் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். காட்டுக்குத் தெற்கே என்ன நடந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தூது போக ஆள் இல்லை

பிச்சாவரம் பார்த்துவிட்டுச் சீர்காழி வந்தோம். சீர்காழி பஸ் நிலையத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை. எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதுதான் விஷயம். அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லையே! வீட்டில் சண்டை என்றால் தூது போகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்றால் வேலை முடிந்தது. பஸ் நிலையத்தில் யாரைத் தூது அனுப்புவது? அரைமணி நேரம் இருவரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு, "காப்பி சாப்பிடலாமா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். எதற்காகச் சண்டை போட்டோம் என்பதை அன்று பேசித் தீர்த்தோம். பல வருஷங்களாக நாங்கள் சண்டையை விட்டிருக்கிறோமே தவிர, இப்படி உட்கார்ந்து தீர்த்ததில்லை.

பஸ்ஸில் இன்னொரு வேடிக்கை. அது நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் வந்தது உங்களுக்குத் தெரியும். கண்டக்டர் எனக்குக் காசில்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சாருக்கு மட்டும் காசு" என்றார். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக என் கணவரை நான் செலவு என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்!

அந்த பஸ் போன ஊர் பூம்புகார். 1973-ல் ஏழு நிலை மாடமாகக் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் அங்கே இருக்கிறது. தமிழில் மிகப் பழைய 'இருவர் பிரயாணம்' தொடங்கியதும் அந்த ஊரில்தான். கோவலனும் கண்ணகியும் பொழுது புலருமுன்பே எழுந்து, ஒரு ஜோடிச் சிலம்பைத் தவிர வேறு சொத்தில்லாமல், காவிரிக்கரையோடு மேற்கே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே கால் நொந்த கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்டுவிட்டாள். முப்பது காதம் என்று பளிச்சென்று சொல்லாமல், ஆறு என்றும் ஐந்து என்றும் பிரித்து அவன் சமாளித்தான். "இதோ பக்கம்தான்" என்று நம் வீட்டுக்காரர்கள் சொல்கிறார்களே, அந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல!

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தால் போதும். கடல் அங்கே சாந்தமாகத் தெரியும். காலடி மணலை உள்ளே இழுக்கும். குளிக்க வேண்டாம் என்று மீனவர்கள் சொல்லும் இடத்தில் குளிப்பது தைரியம் ஆகாது.

திருக்கடையூரில் ஓர் அம்மாள்

பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடத்திக்கொள்ள நாடெங்கிலுமிருந்து தம்பதிகள் வரும் ஊர். அன்றும் கோயிலில் கூட்டம். மாலையும் கழுத்துமாக இருந்த ஓர் அம்மாள், சடங்கு முடிந்து மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"புள்ளைங்க எங்கம்மா?"

"பாட்டிகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம்மா."

"ரெண்டு பேரும் தனியாவா?" என்று கேட்டு, சற்று நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். இவரோட தனியா பஸ்ல ஒக்காந்து ஒரு ஊருக்குப் போனதில்ல. இதுக்காவது ரெண்டு பேருமா வரலாம்னு இருந்தேன். பாத்தா, பின்னாலேயே ரெண்டு வேன் வந்து நிக்குது!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, "இனிமே போலாம்னாலும் இது ஒத்துக்காது" என்றார்.

அவர் கணவர் மண்டபத்தின் மறுகோடியில் உறவினர்கள் நடுவே இருந்தார். நடுவில் முப்பது பேர். அந்த அம்மாளிடம் குறையே கிடையாது. நல்ல குடும்பம், நல்ல பிள்ளைகள். ஆனால் அன்று இரவு தரங்கம்பாடிக் கடற்கரையில் நாங்கள் இருவரும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஊர்களைப் பற்றிய விவரங்களை நீங்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். நாம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுகிறோம். பெரியவள் பத்தாவது முடிக்கட்டும், சின்னவனுக்கு வேலை கிடைக்கட்டும், வீட்டுக் கடன் தீரட்டும் என்கிறோம். எல்லாம் தீர்ந்த பிறகு முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே!

கரை நிலையல்ல

தரங்கம்பாடியை 1620-ல் தஞ்சை நாயக்கரிடம் கேட்டுப் பெற்று, டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள்; 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டு, அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகம் அச்சடித்தார். கோட்டைக்குப் பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அரியலூரில் கடல் விலகிப்போய் நிலம் விட்ட இடத்தைப் பார்த்தோம் அல்லவா? இங்கே கடல் வந்து நிலத்தை எடுத்துக்கொண்ட இடத்தைப் பார்த்தோம்.

அடுத்த நாள் காரைக்கால் வழியே நாகூர், நாகப்பட்டினம். நாகூர் தர்காவில் சாதி மதம் பாராமல் கூட்டம் நிற்கிறது. நாகப்பட்டினத்தில்தான், பிச்சாவரத்தில் பாதியில் விட்ட விஷயத்தின் மிச்சம். 2004 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். 6,000 பேருக்கு மேல். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இழப்பு. துறைமுகத்தருகே மீன் விற்ற ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்த நாளைப் பற்றி நானாக ஒன்றும் கேட்கவில்லை. "வருஷா வருஷம் அன்னிக்குப் பாலும் பூவும் கொண்டாந்து கடல்ல விடுவோம். கோபமா இருந்தாலும் சோறு போடுற தாயி ஆச்சே" என்று அவளாகவே சொன்னாள். கடலோரத்தில் உல்லாசமாகச் சுற்றப் போகும் நாம், அந்தக் கரையில் யார் வாழ்கிறார்கள் என்பதை மறக்காமல் போக வேண்டும்.

மரத்தில் தொங்கிய சோறு

கடைசி ஊர் வேதாரணியம். அதற்கும் அப்பால் கோடிக்கரை. 1930 ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் உப்பெடுக்கக் கிளம்பினார்கள். 150 மைல் நடந்து, மாதக் கடைசியில் வேதாரணியத்தில் உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் பயமுறுத்தினார். வழியில் இருந்த ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம்! அவ்வளவு பொட்டலத்தையும் எந்தெந்த அடுப்பில் யார் யார் சமைத்திருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். வேதாரணியத்து உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறைக்குப் போன ருக்மிணி லட்சுமிபதியின் பெயரும் நாம் மறக்கக்கூடாதது.

மூட்டையைக் குறைத்துக்கொண்டு கிளம்பினால், வழியில் உள்ளவர்களை நம்பித்தான் ஆக வேண்டும். ஆறு நாளும் நாங்கள் அப்படித்தான் நம்பினோம். பஸ் தவறிப்போய் ஒரு கிராமத்தில் நின்றபோது, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வீட்டுக்குள் அழைத்து, கழிப்பறையைக் காட்டி, மோரும் கொடுத்தார். பெண்கள் வெளியூரில் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறோமே, அது உடம்புக்குக் கெடுதி. கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்கப்பட்டவளும் ஒரு பெண்தானே?

கோடிக்கரையில் 1967-ல் சரணாலயம் அமைத்தார்கள். வனத்துறையிடம் அனுமதி பெற்று உள்ளே போனால் வெளிமான்கள் கூட்டம் கூட்டமாகத் துள்ளி ஓடுகின்றன. பனிக்காலத்தில் தூரதேசத்துப் பறவைகள் சதுப்பு நிலத்தில் வந்து இறங்குகின்றன. பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும் அழகை மணிக்கணக்காகப் பார்க்கலாம். 2018-ல் கஜா புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டது; அதைத் தாங்கிக்கொண்டு காடு மறுபடி தழைத்திருக்கிறது. கிழக்கைப் பார்த்து வந்த கரை இங்கே வளைந்து மேற்கே திரும்புகிறது. 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி தன்னந்தனியாகப் படகைக் கடலில் செலுத்துவது இந்தக் கோடிக்கரையிலிருந்துதான். கதைப் பெண்ணுக்கு அத்தனை தைரியம் இருக்கும்போது, நமக்கு பஸ்ஸில் போகக்கூடவா தைரியம் இல்லை?

நீங்களும் கிளம்புவதானால்

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். அது புயலின் காலம். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். தையும் மாசியும் உத்தமம். இரவு தங்கும் அறையை மட்டும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். இருவரும் அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குத் தினமும் சொல்லிவிடுங்கள். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருங்கள். ஆறு நாள் முடியாவிட்டால் இரண்டு நாள் போதும். தா.பழூர்தான் என்பதில்லை, உங்கள் ஊரிலிருந்து எந்த ஆறு எந்தக் கடலுக்குப் போகிறதோ அந்த வழியே போகலாம்.

உங்கள் வீட்டுக்காரர் முதலில் தயங்குவார். "பிள்ளைகளை விட்டுவிட்டா?" என்பார். ஆறு நாளும் எங்கள் பிள்ளைகள் பாட்டியிடம் கதை கேட்டுக்கொண்டும் அப்பளம் தின்றுகொண்டும் எங்களை மறந்தே போயிருந்தார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இதற்கென்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதுப் பை வாங்கிவிடாதீர்கள். பரணில் ஏறித் தேடினால், பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பைகள் இரண்டு கட்டாயம் இருக்கும். தூசி தட்டி வெயிலில் காயப்போடுங்கள். ஒன்றை உங்கள் கணவர் கையில் கொடுத்து, அவருக்கு வேண்டியதை அவரையே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.